பூகம்பத்துக்கு முறை வைத்த ஊர்

பாறையேரிக்குப் பூகம்பம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரத்தில். எல்லா ஊருக்கும் வருவதுபோலத்தான் வந்தது, ஆனால் மற்ற ஊர்களை விட்டுப் போவதுபோல இந்த ஊரை விட்டுப் போகவில்லை. பாத்திரங்கள் உருண்டன, கோழிகள் கூரையேறின, மேலத்தெருவிலும் ஏரித்தெருவிலும் இருந்த சனம் முழுக்கக் கைக்குக் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு களத்துமேட்டுக்கு ஓடிவந்து நின்று, தலைகளை எண்ணிப் பார்த்து, யாரும் குறையவில்லை என்று பெருமூச்சு விட்டது. பெருமூச்சு விட்ட பிறகும் ஊர் ஆடிக்கொண்டேதான் இருந்தது. உச்சிவெயிலிலும் ஆடியது, வெயில் சாய்ந்தும் ஆடியது. பால் கறக்கும் வேளை வந்தபோது ஊர்ப் பெரியதனக்காரர் வேடியப்பனின் மனைவி நாகரத்தினம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "அது ஆடறது ஆடட்டும், எருமை நமக்காவ நிக்குமா?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், பாலைக் கறந்து, காய்ச்சுவதற்கு அடுப்பைப் பற்றவைத்தாள். அடுப்பு பற்றியதும் ஊர் நின்றுபோனது. அவள் வீடு மட்டும் ஆடியது.

இப்படித்தான் பூகம்பத்தின் குணம் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு ஆள் வாழ்கிற வீடு ஒன்று வேண்டும், அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் அது அந்த வீட்டோடு அடங்கி இருந்தது, இல்லையென்றால் இடம் தேடி ஊர் முழுக்க அலைந்தது. ஓலைப் பந்தல் போட்டு அடுப்பு மூட்டிப் பார்த்தார்கள், பந்தலுக்குள் அது வரவில்லை. சுவர் இல்லாத இடத்தில் அதற்குப் பிடிப்பு இல்லை. காட்டோரத்துப் பாழ்மண்டபத்தில் ஒருவனை அடுப்போடு உட்காரவைத்துப் பார்த்தார்கள், அங்கும் வரவில்லை. குடியிருக்கிற இடம் எது, குந்தியிருக்கிற இடம் எது என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆச்சரியப்பட்டவர்கள் இரண்டு நாள் ஆச்சரியப்பட்டார்கள். பிறகு அவரவர்க்கு அவரவர் வேலை இருந்தது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிப் பழகிய சனம். மூன்றாம் நாள் முடிந்ததும் பக்கத்து வீட்டு ஓரகத்தி வந்து, உறைமோர் கேட்பதுபோல, "அக்கா, அத எங்க வூட்டுக்குக் கொஞ்சம் அனுப்பேன், கொழந்தைக்குத் தூளி ஆட்டி ஆட்டிக் கை உட்டுப்போவுது" என்று கேட்டாள். எப்படி அனுப்புவது என்று யாருக்கும் தெரியாது. நாகரத்தினம்மாள் சும்மா ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் குடத்துத் தண்ணீரில் வளையம் வளையமாக விழுந்துகொண்டே இருந்தது, அந்த வீட்டு அடுப்பங்கரையில் இறக்கிவைத்ததும் வளையங்கள் நின்று வீடு ஆடத் தொடங்கியது. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது: விடிந்ததும் முறைக்காரர் போய்க் குடத்தை வாங்கிவர வேண்டும், ஒரு சொட்டும் சிந்தக் கூடாது, தன் கையால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், மறுநாள் விடியும்வரை அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்க்காலுக்கு முறை, கோயில் கூழுக்கு முறை, இரவுக் காவலுக்கு முறை என்று எல்லாவற்றுக்கும் முறை வைத்துப் பழகிய ஊர் பூகம்பத்துக்கும் முறை வைத்தது. வீட்டுக்கு ஒரு நாள். இதைவிட நியாயம் உலகத்தில் கிடையாது என்று வேடியப்பன் சொன்னார், எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

எல்லாரும் என்றால் மேலத்தெருவில் எல்லாரும்.

பெயருக்கேற்ற ஊர் அது, பாதி பாறை, பாதி ஏரி. மேலத்தெரு வீடுகள் ஒரே கரும்பாறையின் முதுகில் நிற்கின்றன. அங்கே ஒரு முளைக்குச்சி அடிக்கவேண்டுமென்றாலும் உளி வேண்டும். ஏரித்தெரு, தூர்ந்துபோன ஏரியின் வயிற்றில் இருக்கிறது. தண்ணீர் வராமல் வண்டல் மூடிப்போன அந்த இடத்தை, வேறெதற்கும் ஆகாது என்று முடிவான பிறகு, ஏரித்தெருச் சனத்துக்கு வீட்டுமனையாக அளந்து கொடுத்தார்கள். அங்கே முளைக்குச்சியைக் கையாலேயே இறக்கிவிடலாம்.

மேலத்தெருவில் பூகம்பம் சாதுவாக இருந்தது. தூளி தானாக ஆடியது, சங்கிலி விளக்கு ஊசலாடியது, பரணில் அடுக்கிய டம்ளர்கள் கிணுகிணுத்தன, மூட்டுவலிக்காரர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வலி குறைந்ததாகச் சொன்னார்கள். பூகம்பம் வருகிற நாளில் வாசலில் கோலம் போட்டார்கள், பாயசம் வைத்தார்கள், சொந்தக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஏரித்தெரு இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்தது. தேர்வடம் பிடிக்க அந்தத் தெருவுக்கு முறை கிடையாது, கூழ் ஊற்ற முறை கிடையாது, வாய்க்கால் முறையில் கடைசி மிச்சம்தான். இப்போது பூகம்பத்திலும் இல்லை.

பொறுக்காமல் எழுந்து பேசியவன் செங்கல் சூளைக்குப் போய்வந்துகொண்டிருந்த சின்னமாது. நல்ல வேலைக்காரன், ஆனால் வாய் சும்மா இருக்காது; அவன் மனைவி மாதம்மாள் அவனை "சொசைட்டி மைக்கு" என்றுதான் கேலி செய்வாள். பால் சொசைட்டி வாசலில் ஊர்க்கூட்டம் கூடியிருந்தபோது அவன் வேடியப்பனுக்கு நேராக நின்று, "சாமிக்குத்தான் எங்க தெரு கண்ணுக்குத் தெரியல, சரி. அன்னிக்கிப் பூமி ஆடறப்ப எங்க தெருவும் சேந்துதானுங்க ஆடுச்சு? பூமி எங்களப் பிரிக்கல. நீங்க எப்படிப் பிரிப்பீங்க?" என்று கேட்டான். முறை மாறவில்லை. ஏரித்தெரு பால் ஊற்றுவதை நிறுத்தியது, களத்துக்கு வேலைக்குப் போவதை நிறுத்தியது, ரோட்டில் உட்கார்ந்தது. சின்னமாது போலீசிடம் அடியும் வாங்கினான். கடைசியில் மேலத்தெரு இறங்கிவந்தது. முறைப்பட்டியலில் ஏரித்தெருவும் சேர்ந்த நாளில் சின்னமாது தெருவுக்கே பொரியும் கடலையும் வாங்கிக் கொடுத்தான். முதல் குடத்தை மேளத்தோடு அழைத்துவந்தார்கள்.

மேளம் அடித்த கை ஓயும் முன்பே முதல் வீட்டின் பின்சுவர் வாய்பிளந்தது. பரணில் இருந்த பாத்திரம் ஒன்றுவிடாமல் கீழே வந்தது, வாசற்படி ஒரு பக்கம் அமிழ்ந்தது, தரை கூழ்போலக் குழைந்து ஆட்டுரல் பாதி புதைந்தது. அந்த வீட்டுக்காரர்கள் ஒரு பகலும் ஓர் இரவும் அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் வழியில் கண்ட மேலத்தெருக்காரர்கள் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது, வீட்டுக்காரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூளி நல்லா ஆடுச்சு" என்றான்.

அதுதான் ஏரித்தெரு செய்த தவறு, அந்தத் தெருவைத் தவிர வேறு எந்தத் தெருவும் செய்திருக்காத தவறு. இப்படி இடிக்கிறது என்று சொன்னால் மேலத்தெரு என்ன சொல்லும்? "இதுக்குத்தான் சொன்னோம், உங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்லும். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும். அடிவாங்கி வாங்கிய முறையை வாய்விட்டுக் கெடுத்துக்கொள்வதா? வீடு வீடாக வாங்கினார்கள், வீடு வீடாக விரிசல் விட்டது, வீடு வீடாகச் சாணியும் சேறும் குழைத்து அடைத்தார்கள். அடைபடாத விரிசலுக்கு மேல் காலண்டர் மாட்டினார்கள். உரக்கடைக் காலண்டர், நகைக்கடைக் காலண்டர், பழைய வருஷம் புது வருஷம் எல்லாம் அந்தத் தெருச் சுவர்களில் முழங்கால் உயரத்திலும் மூலையிலும் கூரையை ஒட்டியும் தொங்கின. மேலத்தெருவிலிருந்து யாராவது கேட்டால் கோலம் போட்டோம் என்றார்கள், பாயசம் வைத்தோம் என்றார்கள்.

சின்னமாதுவின் முறை வந்தபோது அவன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் குடத்தை வாங்கிவந்தான். வெயில் ஏறும்வரை வீடு தாக்குப்பிடித்தது. பிறகு மேற்குச் சுவரின் அடியில் மண் பொசுபொசுவென்று பொங்கியது. "வெளிய போ, வெளிய போ" என்று மாதம்மாளைப் பிடித்துத் தள்ளியவன் அடுப்பைக் காப்பாற்றத் திரும்பினான், சுவர் அவன்மேல் விழுந்தது. தெருவே கூடி மண்ணை வாரி அவனை எடுத்தது. எடுத்துக் கிடத்திய இடத்தில், உடம்பின் சூடு ஆறுவதற்குள், அந்தத் தெருவின் பெரிய மனுசர்கள் மாதம்மாளின் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்: "நெஞ்சுவலின்னு சொல்லிருங்க." அப்படிச் சொல்லிவிட்டுப் போய் அணையப்போன அடுப்பை ஊதினாள், ஏனென்றால் நாள் இன்னும் முடியவில்லை.

மேலத்தெரு மாலையோடு வந்தது. நெஞ்சுவலிக்காரனுக்கு நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுப் போனது.

ஒரு சுற்று முடிந்து மறுசுற்றுத் தொடங்கியது. இதற்குள் தூரத்து நகரத்தில் ஒரு கருவி இந்த ஊர்த் திசையைக் காட்டி ஓயாமல் கிறுக்கிக்கொண்டே இருந்ததால், நிலவியல் துறையிலிருந்து ரெஜினா என்ற அதிகாரி அனுப்பப்பட்டாள். நடுவயதுக்காரி, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொள்வாள், பேச்சு குறைவு. பூகம்பம் ஊரில் குடியிருக்கிறது என்று வேடியப்பன் சொன்னபோது அவள் வியக்கவில்லை. "மத்த ஊர்ல எல்லாம் அது வந்துட்டுப் போன பிறகுதான் நான் போவேன். இங்க இருக்கும்போதே வந்திருக்கேன், எனக்கு வேலை சுலபம்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் வேலை வீடு வீடாகப் போய்க் கேட்பது. தூங்கினவர்கள் விழித்தார்களா, தொங்கினவை ஆடினவா, பாத்திரம் விழுந்ததா, கதவு தானாகத் திறந்ததா, சுவர்ப்பூச்சு உதிர்ந்ததா, சுவரே உதிர்ந்ததா? பூமியிடம் கேட்க முடியாது, பாத்திரத்திடம் கேட்கலாம் என்பாள். கிடைத்த பதில்களைக் கூட்டிக்கழித்து, அந்த இடத்து ஆட்டத்துக்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஓர் எண் வைப்பாள். ஒன்று என்றால் ஆள் உணரவே இல்லை, பன்னிரண்டு என்றால் சொல்வதற்கு ஆளே இல்லை. மேலத்தெருவில் அவளுக்குப் பாயசம் கொடுத்துப் பதிலும் கொடுத்தார்கள். ஏரித்தெருவில் எல்லா வாயிலிருந்தும் ஒரே பதில் வந்தது. பாத்திரம் கொஞ்சம் ஆடிச்சுங்க, தூளி நல்லா ஆடிச்சுங்க. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் தெருவே சேர்ந்து மறைத்தது.

மாதம்மாளின் வீட்டுக்கு அவள் வந்தபோது மூன்று சுவர்தான் இருந்தது. நாலாவது பக்கம் தட்டி கட்டி மண் பூசியிருந்தது. மிச்ச சுவர்களில் ஒன்றுக்குப் பனங்கட்டை முட்டுக்கொடுத்திருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகள் கம்சலா, நிறைவயிற்றோடு சுவரில் சாயாமல் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். ரெஜினா தான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள், மாதம்மாள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். பிறகு ரெஜினா எழுந்துபோய் முழங்கால் உயரத்தில் தொங்கிய காலண்டரை விலக்கிப் பார்த்தாள். அவள் கை விரிசலுக்குள் மணிக்கட்டுவரை போயிற்று. வெளிக்காற்று விரலில் பட்டது.

"ஏம்மா, காலண்டர இவ்வளவு கீழே மாட்டுனா தேதி எப்படிப் பாப்பீங்க?"

"நாங்க என்னாத்துக்குங்க தேதி பாக்கறோம்" என்றாள் மாதம்மாள். ரெஜினாவின் கையிலிருந்து காலண்டரை வாங்கித் திரும்ப மாட்டினாள்.

"வீட்டுக்காரர்?"

"நெஞ்சுவலி."

கம்சலா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ரெஜினா அதைப் பார்த்தாள். வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "உங்க முறை மறுபடி எப்ப?" என்று கேட்டாள்.

"வர்ற வெள்ளிக்கெழமைங்க."

"இந்த வீடு இன்னொரு தடவ தாங்காதும்மா. பாதி நாள்கூடத் தாங்காது."

"தெரியுங்க" என்றாள் மாதம்மாள்.

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கம்சலாவைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் அடுப்போடு இருப்பது என்று முடிவு செய்திருந்தாள். மகளிடம் சொன்னபோது, "நீ உள்ள இருந்தா நானும் உள்ளதான் இருப்பேன், அப்பனையும் தூக்கிக் குடுத்தாச்சு, இன்னும் யாரத் தூக்கிக் குடுக்கணும் இந்த மொறைக்கு?" என்று கம்சலா கத்தினாள். முறையை விட்டுவிடு என்கிறாள் பெண். விடுவது எப்படி? விட்டால், அந்த மனுசன் வாங்கின அடியும் செத்த சாவும் வீண் என்று ஊருக்கு முன்னால் அவளே ஒப்புக்கொண்டதாக ஆகும். விடாவிட்டால், பேரப்பிள்ளை முகம் பார்க்காமலே அவள் மண்ணுக்குள் போவாள், ஒருவேளை பெண்ணையும் கூட்டிக்கொண்டு.

வியாழக்கிழமை காலையில் பால் சொசைட்டி வாசலில் கூட்டம் போட்டு ரெஜினா தன் கணக்கைச் சொன்னாள். "மேலத்தெருவுக்கு நாலு. ஏரித்தெருவுக்கு எட்டு."

ஒரு விருந்தாளிக்கு இரண்டு எண்ணா என்று கூட்டம் கொதித்தது. மேலத்தெருக்காரர்களுக்குக் கோபம், தங்களிடம் அது குறைவாகவா இருந்தது என்று. ஏரித்தெருக்காரர்களுக்குக் கோபம், மறுபடி பிரிக்கிறார்கள் என்று. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே கூத்தாடியும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை, வெயில்தான் இருந்தது. ரெஜினா சத்தம் அடங்கும்வரை நின்றாள். "வந்திருக்கிறது ஒண்ணுதான், அதுல ஏத்தத்தாழ்வு இல்ல. நிலம்தான் வேற. பாறைய ஓங்கித் தட்டுங்க, பாறை அப்படியே இருக்கும். கூழ்ச் சட்டியத் தட்டுங்க, கூழு முழுக்க ஆடும். ஏரித்தெரு கூழுமேல இருக்கு. இது நாளைக்கு இந்த ஊர விட்டே போயிட்டாலும், இதவிடப் பெருசு ஒண்ணு வந்தா முதல்ல போறது அந்தத் தெருதான். ஒரே நாளு, ஒரே முறைன்னு நீங்க வச்சிருக்கீங்க. நாளு ஒண்ணா இருக்கலாம். படுறது ஒண்ணு இல்ல."

"அதெல்லாம் பொய்யிங்க" என்று ஏரித்தெருவிலிருந்து ஓர் இளவட்டம் எழுந்தான். "எங்க வூட்ல தூளிதான் ஆடுச்சு. எங்களக் கழிச்சுக் கட்டறதுக்கு ஆபீசர வச்சுப் பேசறாங்க." ஆமாம் ஆமாம் என்றது தெரு. வேடியப்பன் இரண்டு கையையும் உயர்த்தி, "சண்டை எதுக்கு? அவங்களுக்குக் கஷ்டம்னா நாங்களே வச்சுக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் சுமையில்ல" என்று பெரிய மனசோடு சொன்னார். அந்தப் பெரிய மனசு எரிகிற நெருப்பில் எண்ணெயாக விழுந்தது.

அப்போது மாதம்மாள் எழுந்தாள். பேசிப் பழக்கமில்லாதவள், பேசுவதற்கென்று ஓர் ஆளை அவள் வீட்டில் வைத்திருந்தாள், அவன் இப்போது இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தன் தெருவைப் பார்த்துத்தான் முதலில் பேசினாள்.

"போதும். காலண்டரு வாங்கியே நாம ஏழையாயிட்டோம்."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"எம்புருசன் நெஞ்சுவலியில சாவல. சொவரு உழுந்து செத்தான். நாந்தான் பொய் சொல்லச் சொன்னேன். அவன் வாங்குன மொறை போயிரக் கூடாதுன்னு, அவன் செத்த சாவ நானே மண்ணப்போட்டு மூடுனேன்." அவள் ரெஜினாவைக் கைகாட்டினாள். "அந்தம்மா சொன்ன நம்பரு நெசம். எட்டுதான். எங்க வூட்ல எட்டுக்கும் மேல."

பிறகு ஏரித்தெருவில் ஒரு பெண் தன் வீட்டுத் தரை பிளந்ததைச் சொன்னாள், இன்னொருவர் அமிழ்ந்துபோன வாசற்படியைச் சொன்னார், கால் உடைந்த பையனை மரத்திலிருந்து விழுந்தான் என்று சொன்னதை ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். அடைத்து வைத்த வாயெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, வெயில் சாயும்வரை தெரு தன் வீடுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. மேலத்தெரு தரையைப் பார்த்தது. வேடியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவ்வளவு நடந்திருக்குதுன்னா இனி உங்க தெருவுக்கு மொறையே வேணாம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"மொறைய உடமாட்டேனுங்க" என்றாள் மாதம்மாள்.

"என்னாம்மா இது, உட்டாலும் குத்தம், உடாட்டியும் குத்தமா?"

"நாளு என்னுதுங்க. எம்புருசன் உசுரக் குடுத்து வாங்குனது. எடந்தான் எனக்கு ஆவாது. நாளைக்கி எம்மொறைய உங்க வூட்ல வச்சு நடத்தறேன். உங்க அடுப்ப நான் பத்தவைக்கறேன். விடியற மட்டும் நானே ஒக்காந்து பாத்துக்கறேன்."

பூகம்பம் வந்தபோதுகூட அந்த ஊர் இப்படி அரண்டதில்லை. ஏரித்தெருவிலிருந்து மேலத்தெரு வீட்டுக்குள் போனவர்கள் உண்டு, நெல் மூட்டை இறக்க, மாட்டுக்கொட்டகை கூட்ட. அடுப்பங்கரை வரைக்கும் யாரும் போனதில்லை. வேடியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். கூட்டம் முடிவில்லாமலே கலைந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாதம்மாள் குளித்துவிட்டு, முந்தின முறைக்காரர் வீட்டுக்குப் போய்க் குடத்தை வாங்கினாள். வாசலில் நின்ற கம்சலாவிடம், "நீ உள்ள போயிப் படு, இன்னிக்கி நம்ம வூடு ஆடாது" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் குடத்தோடு மேட்டுப்பாதையில் ஏறினாள். தெரு அவள் பின்னால் நடந்தது. மேலத்தெரு கதவுகளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தது. தடுக்க நினைத்தவர்கள் இருந்தார்கள், ஆனால் குடத்துக்காரியை யாரும் தொடக் கூடாது. ஒரு சொட்டுச் சிந்தினாலும் அது ஊர்மேல் இறங்கும் என்று சட்டம் போட்டதே அவர்கள்தான்.

வேடியப்பன் தன் வீட்டு வாசற்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து நின்றாள். அவர் எழவில்லை. கைமாறிய குடம் அதுவரை இவ்வளவு நேரம் ஓர் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேராமல் இருந்ததில்லை. தண்ணீரில் வளையங்கள் நெருங்கி நெருங்கி விழுந்தன, குடத்தின் விளிம்பில் தண்ணீர் ததும்பி நின்றது, அவள் கைகள் நடுங்கின. தெருக்கோடியில் ஓர் ஓடு சரிந்து விழுந்து உடைந்தது. "ஐயா, நான் சிந்தமாட்டேன். ஆனா ரொம்ப நேரம் என்னால ஆவாதுங்க" என்றாள்.

உள்ளேயிருந்து நாகரத்தினம்மாள் வந்தாள். புருசனின் தலைக்கு மேலாக மாதம்மாளின் கைகளைப் பார்த்தாள். "நவுருங்க" என்றாள். அவர் நகரவில்லை. "பொம்பள கை நடுங்குது பாருங்க, நவுருங்கன்னு சொல்றேன்" என்று அவர் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். அத்தனை வருஷத்தில் அவள் அவரைத் தள்ளியது அதுதான் முதல் தடவை. "உள்ள வா மாதம்மா. பாத்து, நெலப்படி ஒசரம்."

அடுப்பங்கரையில் குடத்தை இறக்கிவைத்தாள் மாதம்மாள். அடுப்பில் அவள் தன் கையால் தீ மூட்டினாள், உலை வைத்தாள், அரிசி களைந்து போட்டாள். வீடு ஆடத் தொடங்கியது. சங்கிலி விளக்கு மெதுவாக இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது, பரணில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. மாதம்மாள் சுவரைப் பார்த்தபடி, ஓடுவதற்கு ஒரு காலை ஊன்றிக்கொண்டு, குந்தியிருந்தாள். சுவரின் அடியில் மண் பொங்குகிறதா என்று பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். உலை கொதித்தது, சோற்று வாசனை வந்தது, அவள் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

"எது?"

"முழுசா."

நாகரத்தினம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் முகம் மாறியது. "இதான் மாதம்மா" என்றாள் மெதுவாக. "நாளு பூரா இதான்."

மாதம்மாள் ஊன்றியிருந்த காலைத் தளர்த்தித் தரையில் உட்கார்ந்தாள். விளக்கு போய்வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள். "இந்த இவ்ளோவுக்காவுங்களா அந்தாளு..."

நெஞ்சுவலிக்காரனுக்கு எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அவள் அதுவரை அழுதிருந்தாள்; மிச்சம் முழுக்க இப்போது வந்தது, வாசலில் நின்ற இரண்டு தெருவுக்கும் கேட்கும்படி, மார்பில் அடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

"எனக்குத் தெரியாதுடி" என்றாள் நாகரத்தினம்மாள். "சத்தியமாத் தெரியாதுடி மாதம்மா."

"நீங்க வந்து பாக்கலங்க" என்றாள் மாதம்மாள். "நாங்க சொல்லல."

நாகரத்தினம்மாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. இறக்கிவைக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை.